முழுப்பரீட்சை லீவும் ஒரு கூடைப்பந்தும்

முழுப்பரீட்சையின் கடைசி நாளில் சட்டையெல்லாம் மை தெளித்துக்கொண்டு வீடு திரும்பும் பிள்ளைகளிடம், அடுத்த ஐந்தாறு வாரத்துக்கு என்ன வேலை என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை. ஸ்ரீமுஷ்ணம் மாதிரியான ஊரில் அந்த வாரங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கழியும். காலையில் கொஞ்சம் கிரிக்கெட். பத்து மணிக்குமேல் வெயில் விரட்டினால், யார் வீட்டுச் செல்போனிலாவது தலையை நுழைத்துக்கொண்டு ஆட்டம். முந்திரித் தோப்புப் பக்கத்துப் பிள்ளைகள் கொட்டை பொறுக்கப் போவார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் நெய்வேலிக்கோ சென்னைக்கோ அத்தை வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கே அபாகஸ் வகுப்பு, நீச்சல் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். ஜூனில் பள்ளி திறந்ததும் ஏழாம் வகுப்பு ஆசிரியர், ஆறாம் வகுப்பின் பின்னக் கணக்கை மறுபடியும் கரும்பலகையில் போட்டுவிட்டு, “போன வருஷமே நடத்தினதுதானடா இது?” என்று அலுத்துக்கொள்வார்.

அந்த ஐந்தாறு வாரம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். பந்தைக் காட்டிப் பிள்ளையை மைதானத்துக்கு வரவழைத்து, வந்த பிள்ளைக்குப் பாடத்தையும் கொடுத்தனுப்பும் கோடைத் திட்டங்கள் உலகின் பெருநகரங்களில் பல பத்தாண்டுகளாக நடக்கின்றன. சென்னையிலும் நடந்திருக்கிறது. அதை ஸ்ரீமுஷ்ணம் மாதிரியான கடலூர் மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்றுக்குக் கொண்டுவர முடியுமா? முடியும் என்பது என் கட்சி. பணமில்லை என்பதைக் காட்டிலும் பெரிய தடை வேறொன்று: பந்து ஒரு துறையிடம் இருக்கிறது, புத்தகம் இன்னொரு துறையிடம் இருக்கிறது, கோடை விடுமுறை எந்தத் துறையிடமும் இல்லை.

வாத்தியார் கண்டுபிடித்த விளையாட்டு

கபடி மண்ணில் பிறந்தது. கிரிக்கெட் எப்போது, யார் தொடங்கியது என்று சொல்வதற்கில்லை. கூடைப்பந்துக்கு மட்டும் பிறந்த தேதியும் தகப்பன் பெயரும் உண்டு. அந்தத் தகப்பன் ஒரு வாத்தியார். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற கனடாக்காரரிடம் அடங்காத வகுப்பு ஒன்றை ஒப்படைத்தார்கள். மொத்தம் 18 பேர். வெளியே பனி, உள்ளே உடற்பயிற்சி என்றால் அவர்களுக்குக் கசப்பு. இரண்டு வாரத்துக்குள் இவர்களுக்கு ஏதாவது புதுசாகக் கண்டுபிடி என்று மேலதிகாரி லூதர் குலிக் கெடு வைத்தார். நெய்ஸ்மித் 13 விதிகளை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். பள்ளிக் கட்டடப் பராமரிப்பாளரிடம் பெட்டி கேட்டார். அவர் பீச் பழக்கூடை இரண்டைக் கொண்டுவந்து தந்தார். மாடத்தின் கைப்பிடியில் அவற்றை ஆணி அடித்து மாட்டினார்கள். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க ரிங்கின் உயரம் அதே பத்தடிதான், அதாவது 3.05 மீட்டர். முதல் ஆட்டம் 1-0 என்று முடிந்தது. கூடைக்கு அடியில் ஓட்டை இல்லாததால், விழுந்த பந்தை எடுக்க ஏணி வைத்து ஏறவேண்டியிருந்தது.

ஆக, இந்த விளையாட்டே வகுப்பறைப் பிரச்சினை ஒன்றுக்குக் கிடைத்த விடை. அடுத்த ஆண்டே ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை பெண்களை விளையாட வைத்தார். ஆண்கள் பல தலைமுறை ஆடித் தீர்த்தபிறகு பெண்களுக்கு இடம்விட்ட கதை இதில் இல்லை.

சென்னைக்கும் இது ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் வந்து வேரூன்றியது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் இங்கே உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் மரங்கள் அடர்ந்த அந்த வளாகம் இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் பி.டி. மாஸ்டர்களில் பல தலைமுறை அங்கிருந்தோ, அங்கே படித்தவர்களிடம் படித்தோ வந்தது. ஆனால் கூடைப்பந்து அவர்களோடு ஊர் ஊராகப் போகவில்லை. கான்வென்ட், கல்லூரி, ரயில்வே, வங்கி என்று சிமென்ட் தரை போட முடிந்த இடங்களோடு நின்றுகொண்டது. மண் தரையில் பந்து எழும்பாது. எழும்பினாலும் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. வாலிபாலுக்கு இரண்டு கம்பும் ஒரு வலையும் போதும். நம் பக்கத்துக் கிராமங்களில் வாலிபால் நிலைத்ததற்கும் கூடைப்பந்து நிலைக்காததற்கும் பெரிய சமூகவியல் காரணம் தேட வேண்டியதில்லை. சிமென்ட் விலைதான் காரணம்.

ஹார்லெமில் கேட்ட ரிப்போர்ட் கார்டு

பந்தையும் புத்தகத்தையும் ஒரே கையில் பிடித்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஹோல்கம் ரக்கர். நியூயார்க் மாநகரப் பூங்காத் துறையில் விளையாட்டு மைதானப் பொறுப்பாளர். நம் கணக்கில் ஒரு சாதாரண அரசு ஊழியர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, கறுப்பின மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஹார்லெம் பகுதியில், கோடை விடுமுறையில் தெருவில் திரியும் பையன்களுக்காக ஒரு கூடைப்பந்துப் போட்டியைத் தொடங்கினார். ஸ்டேடியம் கிடையாது, பரிசுப் பணம் கிடையாது. தெரு மைதானமும் விசிலும் அவருடைய பிடிவாதமும்தான் முதல்.

ஆட வருகிற பையனிடம் அவர் கேட்பது ரிப்போர்ட் கார்டை. மார்க் குறைந்திருந்தால் உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பார். ‘ஒவ்வொருவரும் ஒருவருக்குக் கற்றுக்கொடு’ என்பது அந்தப் போட்டியின் முழக்கம். பெரிய பையன் சின்னப் பையனுக்கு, ஆடத் தெரிந்தவன் தெரியாதவனுக்கு, படித்தவன் படிக்காதவனுக்கு. அவர் பார்த்துப் பேசி, கடிதம் எழுதி, கல்லூரிகளில் உதவித்தொகையோடு சேர்த்துவிட்ட பையன்கள் 700-க்கு மேல் என்று சொல்வார்கள். ரக்கரே பிறகுதான் கல்லூரியில் சேர்ந்து பட்டம் வாங்கி, ஆங்கில ஆசிரியராக வேலை பார்த்தார். 1965-ல், நாற்பது வயதைத் தொடுமுன்பே இறந்துபோனார். வில்ட் சேம்பர்லின், ஜூலியஸ் எர்விங் போன்ற மாபெரும் ஆட்டக்காரர்கள் அவர் பெயரிலான போட்டியில் வந்து ஆடியதால் ‘ரக்கர் பார்க்’ இன்று உலகப் புகழ் பெற்ற இடம். அங்கே படம் எடுத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு ரிப்போர்ட் கார்டு சமாசாரம் அவ்வளவாகத் தெரியாது.

ரக்கர் தனியாளாகச் செய்ததை அமெரிக்க அரசு 1960-களின் கடைசியில் பெரிய அளவில் செய்து பார்த்தது. தேசிய இளைஞர் விளையாட்டுத் திட்டம் என்று பெயர். ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் கோடையில் கல்லூரி வளாகங்களுக்கு அழைத்துவந்து, விளையாட்டுப் பயிற்சியோடு மருத்துவப் பரிசோதனை, சாப்பாடு, பாடம் எல்லாம் கொடுத்தார்கள். கல்லூரி என்றால் என்ன என்று வீட்டில் யாருக்கும் தெரியாத பிள்ளை, பத்து வயதிலேயே அதன் வாசற்படியை மிதித்துவிடும். எனக்கு அதில் இந்த அம்சம்தான் பெரிதாகப் படுகிறது. சுமார் நாற்பது ஆண்டு நடந்த அந்தத் திட்டம், அரசு நிதியை நிறுத்தியதும் ஒடுங்கிப்போனது.

1986-ல் மேரிலாண்டில் ஸ்டாண்டிஃபர் என்பவர் தொடங்கிய நள்ளிரவுக் கூடைப்பந்து இன்னொரு வகை. ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கும் ஆட்டம். ஆட வேண்டுமென்றால் வேலைப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும். 1994-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இது அரசியல் சண்டையாகி, ‘வரிப்பணத்தில் பந்தாட்டமா?’ என்று கேலி செய்யப்பட்டது. இந்தக் கேள்வி நமக்கும் வரும் என்பதால் குறித்துவைத்தேன்.

சென்னையில் இதே அச்சில் வந்தது கிராஸ்ஓவர் பாஸ்கெட்பால் அண்ட் ஸ்காலர்ஸ் அகாடமி. இந்திய வம்சாவளி அமெரிக்க ஆசிரியரும் பயிற்சியாளருமான ஷான் ஜெயச்சந்திரன் தொடங்கியது. அமெரிக்கக் கல்லூரி அணிகளில் ஆடியவர்கள் தொண்டர்களாக வந்து, சென்னையின் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிப் பந்தும் பாடமும் சொல்லித்தருவது அதன் முறை. மும்பையில் 1999-ல் மேத்யூ ஸ்பேசி தொடங்கிய மேஜிக் பஸ், விளையாட்டையே பாடத்திட்டமாக்கி நாடெங்கும் பரவியது. ஜார்க்கண்டின் கிராமப்புறத்தில் ‘யுவா’ அமைப்பு 2009-ல் சிறுமிகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, கடைசியில் அவர்களுக்காகப் பள்ளிக்கூடமே கட்டியது. முதலில் பந்து, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு புத்தகம். எல்லா இடத்திலும் வரிசை இதுதான். நம் வீடுகளில் இது தலைகீழ்: “மொதல்ல படிப்ப முடி, அப்புறம் விளையாடலாம்.” அந்த அப்புறம் வருவதற்குள் பிள்ளைக்கு மீசை முளைத்துவிடுகிறது.

கோடையில் கரையும் கணக்கு

விடுமுறையில் பிள்ளைகள் மறந்துபோவார்கள் என்பது வாத்தியார்களின் புலம்பல் மட்டும்தானா? 1996-ல் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவும் அமெரிக்க ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்து, கோடை விடுமுறை சராசரியாக ஒரு மாதப் படிப்பைத் தின்றுவிடுகிறது என்றார்கள். இழப்பு கணக்கில் அதிகம். வாசிப்பில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் பின்வாங்கவில்லை, ஏழை வீட்டுப் பிள்ளைகள் பின்வாங்கினார்கள். பால்டிமோர் நகரத்துப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த ஆய்வு ஒன்று, ஒன்பதாம் வகுப்பில் தெரியும் வாசிப்பு இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு கோடைகளில் உண்டானது என்றது. பிறகு வந்த ஆய்வாளர்கள், தேர்வு வைத்த முறையே இந்த முடிவைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கலாம் என்று சந்தேகம் கிளப்பினார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானதே.

அமெரிக்கக் கணக்கை விட்டுவிடலாம். நமக்கே நம் கணக்கு இருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூடிக்கிடந்தன. யாரும் விரும்பிக் கேட்காத, எல்லை தெரியாத ஒரு விடுமுறை. அப்போது கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்த சிங், ரொமேரோ, முரளிதரன் ஆய்வு, தமிழைவிடக் கணக்கில் இழப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்று காட்டியது. அதே ஆய்வின் இரண்டாம் பாதி இன்னும் முக்கியம்: பள்ளி திறந்த ஆறே மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது. மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். பாய் விரித்த திண்ணை. பக்கத்துத் தெரு அக்கா ஆசிரியை. அவ்வளவுதான் அந்தத் திட்டத்தின் செலவுக் கணக்கு. தொழில்முறை ஆசிரியர் இல்லாமலே, அன்றாடம் கொஞ்ச நேரம், தெரிந்த முகம் ஒன்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் மேலேறுகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மே மாதம் என்றால் பெரியகுளம்

“கூடைப்பந்தெல்லாம் சிட்டிப் பிள்ளைங்களுக்குங்க” என்று சொல்கிறவர்களை நான் மே மாதத்தில் பெரியகுளத்துக்கு அனுப்புவேன். தேனி மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் ஆண்டுதோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை நடத்துகிறது. அதே பருவத்தில் கரூரில் எல்.ஆர்.ஜி. நாயுடு கோப்பை, கோவையில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை. இந்திய அணியில் ஆடுகிற ஆட்கள் ரயில்வே, வங்கி, ராணுவ அணிகளோடு வந்து மின்விளக்கு வெளிச்சத்தில் ஆடுவார்கள். கேலரியில் வேர்க்கடலை மென்றுகொண்டிருக்கும் பெரியவர், ஃபவுல் கொடுத்த ரெஃப்ரியோடு விதி எண் சொல்லிச் சண்டை போடுவார். கோடைதான் தமிழ்நாட்டின் கூடைப்பந்துப் பருவம். ஒரு சங்கம் ஒரு கோர்ட்டைத் தலைமுறை தலைமுறையாகக் கைவிடாமல் காத்தால், ஊர் எத்தனை சின்னதாக இருந்தாலும் விளையாட்டு அங்கே குடியிருக்கும்.

பலனும் கண்ணுக்குத் தெரிகிற பலன்தான். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, காவல் துறை என்று அணிகள் வைத்திருக்கும் இடங்களில் ஆட்டக்காரருக்கு வேலை உண்டு. மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. சென்னையில் சாதாரணக் குடும்பத்தில் பிறந்த அனிதா பால்துரை பள்ளி மைதானத்தில் பந்தைத் தொட்டு, பதின்வயதிலேயே இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கி, ஆசியச் சாம்பியன்ஷிப்பில் ஒன்பது முறை ஆடி, குழந்தை பிறந்தபிறகும் திரும்பிவந்து ஆடினார். தெற்கு ரயில்வே ஊழியர். 2021-ல் பத்மஸ்ரீ. கூடவே நம் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. படித்தவர். மைதானமும் பட்டமும் ஒன்றையொன்று அடித்துச் சாப்பிடும் என்று நினைக்கும் அப்பாக்கள் கவனிக்க வேண்டிய பெயர்.

அதற்காக அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் கனவை விற்கிற ஆட்களை நான் ஊருக்குள் விடமாட்டேன். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்திலிருந்து புறப்பட்ட சத்னாம் சிங், ஏழடிக்கு மேல் வளர்ந்த ஆள், 2015-ல் டல்லாஸ் அணியால் 52-வதாகத் தேர்வுசெய்யப்பட்டார், என்.பி.ஏ. வீரர் தேர்வில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர். அத்தனை உயரம், அமெரிக்க அகாடமியில் அத்தனை ஆண்டுப் பயிற்சி, எல்லாம் இருந்தும் அவர் அந்த லீக் ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. கோடை முகாமுக்கு வருகிற நூறு பிள்ளைகளில் ஒரு பிள்ளை மாநில அணிக்குப் போனாலே அது அதிசயம். மீதி 99 பிள்ளைகளும் ஜூனில் பின்னக் கணக்கை மறக்காமல் வகுப்புக்குப் போகவேண்டும். முகாமுக்கு மார்க் போட வேண்டியது அந்த 99 பேரை வைத்துத்தான்.

ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு காலை

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை மாவட்டத் தலைநகரங்களில் கோடைப் பயிற்சி முகாம் நடத்துகிறது. காலை ஆறு மணிக்கு, மறுபடி மாலையில். கடலூர் அண்ணா விளையாட்டரங்கம் நல்ல இடம்தான். ஆனால் ஸ்ரீமுஷ்ணத்துப் பிள்ளைக்கு அது எழுபது கிலோமீட்டருக்கு மேல், பஸ் மாறிப் போகவேண்டிய ஊர். காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் முந்தின ராத்திரியே புறப்பட வேண்டும். அப்படியே போனாலும் அங்கே பந்து மட்டும்தான், புத்தகம் கிடையாது. இங்கே தெருத் திண்ணையில் புத்தகம் கிடைத்த நாட்களில் பந்து கிடையாது.

இரண்டும் ஒரே இடத்தில் நடந்தால் அந்தக் காலை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். விருத்தாசலம் பக்கத்து வெயில் பொல்லாதது. அக்னி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரியை அநாயாசமாகத் தொடும். அதனால் எல்லாம் ஒன்பதரை, பத்து மணிக்குள் முடிந்தாக வேண்டும். ஐந்தரைக்குப் பந்து. ஏழரைக்குச் சாப்பாடு. எட்டிலிருந்து ஒன்பதரை வரை, வேப்பமர நிழலிலோ மின்விசிறி ஓடும் வகுப்பறையிலோ பாடம். விடுமுறையில் வகுப்பு எடுக்கக் கூடாது என்று கல்வித் துறை ஆண்டுதோறும் சுற்றறிக்கை விடுகிறது. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. வெயிலில் பிள்ளைகளை வதைத்து அடுத்த வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்தும் பள்ளிகளுக்காகப் போட்ட கடிவாளம் அது. இங்கே நடத்தப்போவது போன வருஷத்துப் பாடம், அதுவும் பந்தை வைத்து.

பந்தை வைத்துப் பாடமா என்று கேட்டால் ஒன்று காட்டுகிறேன். சிறுவர்கள் ஆடும் ஐந்தாம் எண் பந்தின் சுற்றளவு சுமார் 70 சென்டிமீட்டர். நூல் சுற்றி அளக்கச் சொல்லுங்கள். 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 22.3. ரிங்கின் விட்டம் 45. இரண்டு பந்தைப் பக்கம் பக்கமாக வைத்து ஒரே நேரத்தில் ரிங்குக்குள் விட முடியுமா? 44.6, மயிரிழையில் முடியும். பெரியவர்கள் ஆடும் ஏழாம் எண் பந்தின் சுற்றளவு 75; அதில் முடியாது. வட்டத்தின் சுற்றளவைப் பலகையில் மட்டும் பார்த்த எட்டாம் வகுப்புப் பிள்ளை, ஏணியில் ஏறி இரண்டு பந்தை ரிங்கில் திணித்துப் பார்த்தபிறகு அந்தச் சூத்திரத்தை ஜூனில் மட்டுமல்ல, பேரன் எடுத்தபிறகும் மறக்காது.

இன்னொன்று. 1954-ல் அமெரிக்காவில் ஆட்டம் மந்தமாகி, முன்னிலையில் இருக்கும் அணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நேரத்தைக் கடத்தியது. டேனி பியசோன் என்ற அணி உரிமையாளர் ஒரு கணக்குப் போட்டார். நல்ல விறுவிறுப்பான ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து சுமார் 120 முறை கூடையை நோக்கி எறிகின்றன. ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2,880 வினாடி. வகுத்தால் 24. அத்தனை வினாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற, இன்று சர்வதேச ஆட்டங்களும் பின்பற்றும் ‘24 வினாடி’ விதி ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கிலிருந்து வந்தது. பத்து ஃப்ரீ த்ரோவில் ஆறு விழுந்தால் எத்தனை விழுக்காடு, இருபத்தைந்தில் பதினாறு விழுந்தவன் அவனைவிடத் தேவலையா என்று பிள்ளைகளே சண்டை போட்டுக் கண்டுபிடிப்பார்கள். தமிழ் வாசிப்புக்கு, அன்றைய ஆட்டத்தை நாலு வரி எழுதி மறுநாள் வாசித்துக் காட்டச் சொன்னால் போதும். தோற்ற அணிக்காரன் எழுதுவதுதான் எப்போதும் சுவாரஸ்யமாக இருக்கும்.

இடத்துக்கு எங்கே போவது? முழு கோர்ட் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். அதற்கு வழியில்லையென்றால் மூவர் ஆட்டம் இருக்கிறது. ஒரே ஒரு ரிங், 15-க்கு 11 மீட்டர் தரை, பத்து நிமிட ஆட்டம். டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து அதற்கும் பதக்கம் உண்டு. பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு ரிங்கை 2.60 மீட்டருக்கு இறக்கி மாட்ட வேண்டும். இதை நம் பள்ளிகளில் யாரும் செய்வதில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கையில் ஏழாம் எண் பந்தைக் கொடுத்து, பத்தடி உயரத்தைக் காட்டி, போடு என்றால் இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் வாரித்தான் எறிவான். அந்தத் தப்பான வாகு கையில் ஏறிவிட்டால் பிறகு எந்தக் கோச் வந்தாலும் எடுக்க முடியாது.

ஸ்ரீமுஷ்ணம் கோயிலில் பூவராகர் இடுப்பில் கைவைத்து, முகத்தை மட்டும் ஒரு பக்கம் திருப்பி நிற்கும் திருக்கோலத்தைப் பார்க்கும்போதெல்லாம், கோர்ட் ஓரத்தில் நின்று ஆட்டத்தைக் கவனிக்கும் கோச் நினைவுக்கு வருவதை என்னால் தவிர்க்க முடிவதில்லை. பெருமாள் மன்னிப்பார். மனிதக் கோச்சுக்கு எங்கே போவது என்பதுதான் கேள்வி. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறை இருக்கிறது, பி.பி.எட்., எம்.பி.எட். படிக்கிறவர்களுக்குப் பயிற்சி அனுபவம் தேவை. பாடத்துக்கு இல்லம் தேடிக் கல்வியில் பழகிய தன்னார்வலர்கள் ஊருக்கு ஊர் உண்டு. பணத்துக்கு, பக்கத்திலேயே நெய்வேலியில் என்.எல்.சி.; 2013 கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவழிக்கும்போது, கல்வியும் கிராமப்புற விளையாட்டும் அந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை விருத்தாசலம் அரசு செராமிக் தொழில்நுட்பப் பயிலகத்துக்குக் கூட்டிப் போகலாம். களிமண் எப்படிப் பீங்கானாகிறது, பத்தாம் வகுப்புக்குப் பிறகு அங்கே சேர்ந்தால் என்ன படிக்கலாம் என்று பார்த்து வரட்டும். அமெரிக்காக்காரன் பிள்ளைகளைக் கல்லூரி வாசலுக்கு அழைத்துப் போனதன் நம் ஊர் வடிவம் இது. இருபது கிலோமீட்டரில் இருக்கும் பயிலகத்தை உள்ளே போய்ப் பார்க்காமலே படிப்பை முடிக்கிற பிள்ளைகள் நம்மிடம் ஏராளம்.

சாப்பாட்டை மறந்துவிட்டு இந்தத் திட்டத்தைப் பேசவே கூடாது. பள்ளி நாட்களில் காலைச் சிற்றுண்டியும் மதியச் சத்துணவும் கிடைக்கிற பிள்ளைக்கு, விடுமுறையில் அவ்விரண்டும் நின்றுபோகின்றன. இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, வெறும் வயிற்றோடு கணக்குப் போடச் சொன்னால் மூன்றாம் நாளே கூட்டம் கரைந்துவிடும். சமைக்கும் அம்மா உள்ளூர்க்காரர், அடுப்பு பள்ளியிலேயே இருக்கிறது. பொங்கலோ கிச்சடியோ ஒரு வேளை போட்டாக வேண்டும்.

பெண் பிள்ளைகள் வருவார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அரைக்கால் சட்டை கட்டாயமில்லை, பெண் பயிற்சியாளர் ஒருவராவது இருப்பார், கழிவறை பூட்டியிருக்காது என்று மூன்று உறுதி கொடுத்தால் பாதி வீடுகளில் சம்மதம் கிடைத்துவிடும் என்பது என் அனுமானம். மீதிப் பாதியில், பாடமும் உண்டு என்று சொல்வதுதான் கதவைத் திறக்கும். “பந்து விளையாட அனுப்பறியா பொண்ண?” என்று கேட்கும் அத்தைக்கு, “டியூஷனுக்குப் போறா அத்தாச்சி” என்று அம்மா பதில் சொல்லிக்கொள்ளலாம்.

சாதியைப் பற்றிப் பேசாமல் நழுவினால் கட்டுரை பொய்யாகிவிடும். கடலூர் மாவட்டத்தில் ஊர் அணி, காலனி அணி என்று தனித்தனியாகப் பிரிந்து கிரிக்கெட் ஆடும் இடங்கள் எத்தனையோ. ஒரு கோர்ட் யார் தெருவில் வருகிறது என்பதிலேயே பாதி சண்டை தீர்மானமாகிவிடும். அதனால்தான் அது பொதுவான பள்ளி வளாகத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறேன். அணிகளை நாள்தோறும் சீட்டுக் குலுக்கிப் பிரிக்க வேண்டும். நிரந்தர அணி கூடாது. பந்தை வைத்துக்கொண்டு இரண்டு எட்டுக்கு மேல் நடக்க முடியாத ஆட்டம் இது. தட்டிக்கொண்டே ஓடலாம், இல்லையென்றால் பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுத்தாக வேண்டும். சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முகாம் நடக்கும் நாட்களில், அந்தப் பக்கத்துப் பையனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் பந்து கேட்க முடியும்.

கேட் சாவி யாரிடம்?

கோர்ட், பந்து, கோச், சாப்பாடு எல்லாவற்றுக்கும் வழி சொன்ன பிறகும் ஒரு சின்ன விஷயம் மிச்சமிருக்கிறது. விடுமுறையில் அரசுப் பள்ளியின் கேட் பூட்டியிருக்கும். சாவி தலைமையாசிரியரிடம். அவர் கெட்டவர் இல்லை. மைதானத்தில் ஒரு பிள்ளைக்குக் கை முறிந்தால் விளக்கம் கேட்டு வரும் கடிதம் அவர் பெயருக்குத்தான் வரும். அதனால் பூட்டுகிறார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் பூட்டுவேன். ஊராட்சிகளுக்கு அரசு கொடுத்த கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு, தொகுதிக்கு ஒன்று என்று அறிவித்த சிறு விளையாட்டரங்கங்கள், பள்ளிகளில் இருக்கும் பந்துகள் எல்லாமே கடைசியில் ஏதோ ஒரு சாவியில் வந்து நிற்கின்றன.

தேவைப்படுவது ஒரு பக்க உத்தரவு. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை, காலை ஐந்தரையிலிருந்து பத்துவரை வளாகம் திறந்திருக்கும், பொறுப்பாளர் இன்னார், முதலுதவியும் காப்பீடும் இன்ன துறையின் கணக்கில், பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டுத் துணை நிற்கும். விளையாட்டு விடுதிகளுக்கான தேர்வுப் போட்டிகளும் மே மாதத்திலேயே நடப்பதால், முகாமில் துடிப்பாகத் தெரிகிற ஒன்றிரண்டு பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகும் பொறுப்பையும் அதே தாளில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம். கல்வித் துறையும் விளையாட்டுத் துறையும் கையெழுத்துப் போட வேண்டிய தாள் அது. முதன்மைக் கல்வி அலுவலகம், மாவட்ட விளையாட்டு அலுவலகம் இரண்டும் கடலூரில்தான் இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஸ்ரீமுஷ்ணத்துப் பிள்ளை மாதிரி பஸ் மாற வேண்டியதில்லை.